ஆஸ்திரேலிய டாம்சல் நாவாய்ப்பூச்சி: பெயர் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சு செடியிலேயே உருவாகும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி ஆஸ்திரேலியாவில் 1996இல் சாகுபடிக்கு வந்தது. காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது குறையக் குறைய, அதுவரை அந்த மருந்திலேயே மடிந்துகொண்டிருந்த பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி தலையெடுத்தது. மொட்டையும் இளங்காயையும் குத்திச் சாறு குடிக்கும் பூச்சி அது. அதே செடியில், அதே உயரத்தில், கிட்டத்தட்ட அதே உடல்வாகில் இன்னொரு நாவாய்ப்பூச்சியும் திரிகிறது. அது செடியை நாசம் செய்வதில்லை. மிரிட்டையும் அசுவினியையும் தத்துப்பூச்சியையும் காய்ப்புழுவின் முட்டையையும் குத்திக் குடிக்கிறது. டாம்சல் நாவாய்ப்பூச்சி என்பது அதுதான். இரண்டின் இளம்பூச்சிகளையும் வயலில் குழப்பிக்கொண்டால், காவலுக்கு நிற்பதைத் திருடன் என்று எண்ணி மருந்தடித்துவிடுவோம். இனம் காணக் கற்றுக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் வரை கண்ணாலும் கைலென்ஸாலும் போகலாம். பேரினத்துக்கு நல்ல லென்ஸும் பொறுமையும் வேண்டும். சிற்றினத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். பெரும்பாலும் ஆண் பூச்சியும் வேண்டும். இந்த மூன்று படிகளில் எதில் நிற்கிறீர்களோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் எடுத்த ஒல்லியான பழுப்புப் பூச்சியின் படம் ஒவ்வொன்றிலும், அங்கே வயல்களில் மிகுதியாகக் கிடைக்கும் டாம்சல் சிற்றினமான நேபிஸ் கின்பெர்கியின் பெயரை எழுதிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. பல நேரம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஊகத்தில் சரியாக வந்த பெயர் பதிவேட்டுக்கு உதவாது.

முதலில் பூச்சியைப் பிடியுங்கள்

தேடிப் போக நல்ல இடம் குதிரைமசால் வயல். ஆஸ்திரேலியாவில் மாட்டுத் தீவனத்துக்கு இதைப் பரவலாக வளர்க்கிறார்கள். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பதால் டாம்சல் பூச்சிகளுக்கு அது புகலிடம். பருத்தி, சோயா, பச்சைப்பயறு, கனோலா, சோளம் ஆகியவற்றிலும், வேலியோரப் புல்லிலும் கிடைக்கும். இரவில் விளக்குக்கும் வரும்.

உயரம் குறைந்த அடர்ந்த பயிரில் துணிவலை போதும். பயிரின் மேல்பகுதியை உரசியபடி இடமும் வலமும் வீசி நடந்து, கடைசி வீச்சில் வலையின் வாயைத் திருப்பி மூடிவிட வேண்டும். வரிசைப் பயிரானால் ஆஸ்திரேலிய வேளாண் ஆலோசகர்கள் பயன்படுத்தும் விரிப்பு முறையே சிறந்தது. சுமார் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள மஞ்சள் அல்லது வெள்ளைத் தார்ப்பாயை ஒரு வரிசையின் அடியிலிருந்து அடுத்த வரிசையின் மேல்வரை படர விட்டு, ஒரு மீட்டர் நீளச் செடிகளைக் கம்பால் கீழிருந்து மேலாக விரிப்பை நோக்கி அடித்து உலுக்குகிறார்கள். டாம்சல் பூச்சி விழுந்த மறுகணமே ஓடத் தொடங்கும். அதனால் மெதுவாக நகரும் புழுக்களைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம், ஓடுபவற்றை முதலில் பாருங்கள்.

ஒரு குப்பியில் ஒரு பூச்சிதான் போட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வீடு வந்து சேரும்போது ஒன்று மிஞ்சியிருக்கும். வெறும் விரலால் எடுப்பதும் வேண்டாம். சில நேரம் குத்திவிடும். ஆபத்தில்லை, ஆனால் வலிக்கும். தேசியப் பூங்காக்களில் பூச்சி சேகரிக்க அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குடும்பம் எது?

டாம்சல் பூச்சிகள் நேபிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் சில நூறு சிற்றினங்கள் உள்ள, நாவாய்ப்பூச்சிகளுக்குள் நடுத்தரமான குடும்பம் இது. வளர்ந்த பூச்சியைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். வயல்களில் அதிகம் அகப்படுவது 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம், வைக்கோல் அல்லது சாம்பல் கலந்த பழுப்பு நிறம், மென்மையான ஒடுங்கிய உடல். தலை நீண்டது. கண்கள் இரண்டும் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். உணர்கொம்பு மெலிந்து நீளமாக இருக்கும். முன்மார்பு முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் விரிந்திருக்கும். தலையை ஒட்டி அதில் ஒரு பட்டி தெரியும்.

நிறத்தை நம்ப வேண்டாம். தோலுரித்த சில மணி நேரத்தில் பூச்சி வெளிறிக் கிடக்கும். உலர்ந்த மாதிரிகளிலும் நிறம் மாறிவிடும். உண்மையான ஆதாரங்கள் ஊசிவாய், முன்கால், தனிக்கண், இறக்கை ஆகிய நான்கும்தான்.

பக்கவாட்டில் திருப்பி ஊசிவாயைப் பாருங்கள். டாம்சலின் ஊசிவாய்க்கு நான்கு கணுக்கள். ஒல்லியாக, வில்போல் வளைந்து, உடலோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். இரை பிடித்துண்ணும் இன்னொரு குடும்பமான ரெடுவிட் நாவாய்ப்பூச்சிக்குத் தடித்த, குட்டையான ஊசிவாய். கண்ணுக்குத் தெரியும் கணுக்கள் மூன்று. அதன் நுனி, முன்கால்களுக்கு இடையே நெஞ்சில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் அமரும். டாம்சலுக்கு அந்தப் பள்ளம் கிடையாது. ரெடுவிட்டுக்குக் கண்களின் பின்னே தலை குறுகிக் கழுத்துப்போல் ஆவதும் எளிய அடையாளம்.

மிரிட்டோடுதான் குழப்பம் அதிகம். மிரிட்டுக்கும் ஊசிவாயில் நான்கு கணுக்கள்தான் என்பதால் அதை எண்ணிப் பயனில்லை. தலையின் உச்சியைப் பாருங்கள். இரண்டு கூட்டுக்கண்களுக்கு இடையே, சற்றுப் பின்தள்ளி, கண்ணாடி மணிபோல் மின்னும் இரண்டு தனிக்கண்கள் டாம்சலுக்கு உண்டு. பயிரில் காணும் மிரிட்டுகளுக்கு அவை இல்லை. அடுத்து முன்னிறக்கை. மிரிட்டின் இறக்கையில் தடித்த பகுதி முடியும் இடத்துக்குச் சற்று முன்பே விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு முக்கோணத் துண்டு தனியே தெரியும். இறக்கை அந்த இடத்தில் கீழ்நோக்கி மடிந்து காணப்படும். வயலில் கிடைக்கும் டாம்சலுக்கு இந்த முக்கோணம் இல்லை. அதன் இறக்கையின் சவ்வுப் பகுதியில் நீளமான சில அறைகளும், அவற்றிலிருந்து விளிம்பு நோக்கிப் பிரியும் நரம்புகளும் இருக்கும்.

முன்காலையும் தவறாமல் பார்க்க வேண்டும். வயல் டாம்சல்களில் பெரும்பாலானவை சேரும் நேபிஸ் பேரினத்தின் முன்தொடை நடுத்தொடையைவிடச் சற்றே பருத்தது. கும்பிடுபூச்சி அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உயிரோடு இருக்கும்போது நடையைக் கவனித்தால் புரியும்: இரை கண்ணில் பட்டதும் முன்கால்களைத் தரையிலிருந்து எடுத்து நீட்டிக்கொள்கிறது.

தமிழ்நாட்டு நெல் வயலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். கதிர் நாவாய்ப்பூச்சியின் குடும்பமான அலைடிடே ஆஸ்திரேலியாவிலும் உண்டு. பயறு வகைகளில் காயைக் குத்தும் பழுப்புப் பயறு நாவாய்ப்பூச்சி அவற்றில் ஒன்று. ஒல்லியான உடலும் நீண்ட உணர்கொம்பும் டாம்சலை நினைவூட்டும். தனிக்கண்களும் உண்டு. ஆனால் அலைடிடே பெரும்பாலும் உருவில் பெரியது, ஊசிவாய் நேரானது, முன்கால் பருத்திராது, இறக்கைச் சவ்வில் நரம்புகள் நெருக்கமாக, இணைகோடுகளாக ஓடும். பயறு நாவாய்ப்பூச்சிக்குப் பின்தொடை தடித்து, அடியில் முட்களோடு இருக்கும். பின்தொடை பருத்திருந்தால் டாம்சல் பேச்சையே விட்டுவிடலாம்.

பெருங்கண் நாவாய்ப்பூச்சி, ரூதர்க்லென் பூச்சி ஆகியவையும் அதே விரிப்பில் விழும். இரண்டும் சிறியவை, குட்டையானவை. ஒரு வாரம் பார்த்தால் பழகிவிடும்.

இளம்பூச்சி: இங்கேதான் சறுக்கும்

மேலே சொன்ன அடையாளங்களில் பாதி, இளம்பூச்சியிடம் செல்லாது. நாவாய்ப்பூச்சிகளின் இளம்பருவத்தில் தனிக்கண் கிடையாது. இறக்கை இருக்காது, அல்லது மொட்டாக இருக்கும். எனவே தனிக்கண் இல்லை, ஆகவே மிரிட் என்று முடிவு கட்டுவது, புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் பெறுவது.

டாம்சல், தண்டிலும் காம்பிலும் முட்டையைச் செருகி வைக்கிறது. மூடி மட்டும் வெளியே தெரியும். பொரித்து வருவது ஐந்து இளம்பருவங்களைத் தாண்டி வளர்ந்த பூச்சியாகிறது. இந்த ஐந்திலும் முதுகுதான் உங்கள் சாட்சி. இளம்பூச்சியைக் குளிர்பெட்டியில் சில நிமிடம் வைத்து அசைவை நிறுத்திவிட்டு, வயிற்றின் மேல்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். நாற்றச் சுரப்பிகளின் வாய்கள் நடுக்கோட்டில் அடுத்தடுத்து மூன்று இடங்களில் இருந்தால் டாம்சல் பக்கம் நிற்கிறீர்கள். ஒரே இடத்தில், வயிற்றின் முன்பாதியில் மட்டும் இருந்தால் அது மிரிட். ரெடுவிட் இளம்பூச்சிகளிலும் மூன்று இருக்கலாம்; அவற்றை ஊசிவாயும் நெஞ்சுப் பள்ளமும் பிரித்துவிடும். மிகச் சிறிய பருவத்தில் கைலென்ஸ் திணறும். இருபது மடங்கு நுண்ணோக்கி இருந்தால் ஒரு நொடி வேலை.

இளம்பூச்சியைக் கொண்டு சிற்றினம் சொல்ல முயல வேண்டாம். வளர்த்துப் பாருங்கள். காற்றோட்டமுள்ள குப்பியில் ஒரு துண்டு பச்சை பீன்ஸ் காய், இரண்டு நாளுக்கு ஒருமுறை சில அசுவினிகள், அவ்வளவுதான் தேவை. ஈரத்துக்காகக் காயையும் அவ்வப்போது குத்திக் குடிக்கும். கோடையில் சில வாரங்களில் வளர்ந்துவிடும். உரித்துப்போட்ட தோல்களை எறியாமல் எடுத்து வையுங்கள். எந்த இளம்பருவம் எந்தப் பூச்சியானது என்பதற்கு அவையே சான்று.

இன்னொரு பொறி: சில சிற்றினங்களில் வளர்ந்த பூச்சிக்கே இறக்கை குட்டையாக இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் காணப்படும் நேபிஸ் பைஃபார்மிஸ் இப்படிப்பட்டது. குட்டை இறக்கையைப் பார்த்து இளம்பூச்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாதத்தின் கணுக்களை எண்ணுங்கள். வளர்ந்ததற்கு மூன்று, இளம்பூச்சிக்கு இரண்டு.

துணைக்குடும்பமும் பேரினமும்

நேபிடே குடும்பத்தை இரண்டு துணைக்குடும்பங்களாகப் பிரிப்பது வழக்கம். புரோஸ்டெம்மட்டினே வகையைப் பயிரில் தேடிப் பயனில்லை. அவை தரையில், சருகுக்கும் கல்லுக்கும் அடியில் வாழ்பவை. உடல் பருத்து, பளபளப்பாக இருக்கும். கருமையோடு சிவப்போ மஞ்சளோ கலந்திருக்கும். முன்தொடை நன்றாகப் பருத்து, அடியில் பற்களோடு இருக்கும். உணர்கொம்பில் அடிப்பக்கம் ஒரு சிறு கணு நீண்டிருப்பதால் நான்குக்குப் பதில் ஐந்து கணுக்கள் இருப்பதாகத் தோன்றும். இவற்றின் இரை பெரும்பாலும் மற்ற நாவாய்ப்பூச்சிகளே. அலோயோரிங்கஸ் இந்தப் பிரிவின் பேரினங்களில் ஒன்று.

ஒல்லியானவை எல்லாம் நேபினே. இதில் நேபிஸ், ஸ்டெனோநேபிஸ், கார்பிஸ், அர்பெலா ஆகிய பேரினங்கள் ஆஸ்திரேலியாவில் உள்ளன. மரத்திலோ புதரிலோ இளம்பச்சை அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தில், முன்கால் மிக நீண்டு, அந்தக் கால் உடலோடு சேரும் அடிக்கணுவும் நீண்டிருக்கும் பூச்சி கிடைத்தால் கார்பிஸை முதலில் நினையுங்கள். அதன் முன்மார்பு நடுவில் இறுக்கிக் கட்டியதுபோல் ஒடுங்கியிருக்கும். திறந்த வயலில், புல்வெளியில், குதிரைமசாலில் கிடைத்த பழுப்புப் பூச்சி பெரும்பாலும் நேபிஸ். ஸ்டெனோநேபிஸையும் அர்பெலாவையும் படம் பார்த்துப் பிரிக்க நினைப்பவர்களுக்கு என் அறிவுரை: அடையாள விசைப்பட்டியலும் அருங்காட்சியக மாதிரியும் பக்கத்தில் இல்லாமல் துணிய வேண்டாம். நேபினே என்று எழுதி நிறுத்துவதில் வெட்கமில்லை.

சிற்றினம்: ஒரு பழைய குழப்பத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது

ஆஸ்திரேலியாவின் பழைய வேளாண் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் பருத்தியிலும் சோயாவிலும் நேபிஸ் கேப்சிஃபார்மிஸ் இருந்ததாகப் படிப்பீர்கள். கேப்சிஃபார்மிஸ் வெப்ப நாடுகளெங்கும் பரவியுள்ள சிற்றினம், இந்தியாவிலும் உண்டு. பிற்காலக் கட்டுரைகளில் அதே வயல்களின் அதே பூச்சி நேபிஸ் கின்பெர்கி ஆகிவிட்டது. பூச்சி மாறவில்லை, பார்த்த உறுப்பு மாறியது. இரண்டும் ஒரே துணைப்பேரினத்தைச் சேர்ந்தவை. மேலிருந்து பார்த்தால் பிரிப்பது கடினம். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பில் உள்ள பற்றுக்கொக்கியின் வடிவம்தான் பேசும். பழைய கட்டுரையில் கேப்சிஃபார்மிஸ் என்று கண்டால், அதன் உணவு, எண்ணிக்கை பற்றிய தகவல்களைக் கின்பெர்கிக்கு உரியதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

கின்பெர்கிக்குப் பெயரிட்டவர் ஃபின்லாந்தின் பூச்சியியலாளர் ரூட்டர், ஆண்டு 1872. பசிபிக் டாம்சல் என்று பொதுப்பெயரில் வழங்குவதும் இதுவே. நியூசிலாந்திலும் வாழ்கிறது. ஆஸ்திரேலிய வயல்களில் மிகுதியாகக் கிடைக்கும் டாம்சல் இதுதான் என்பதால், உங்கள் குப்பியில் இருப்பதும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறைக்கு வருவோம். முதலில் ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். மல்லாக்கப் போட்டு வயிற்றின் நுனியைப் பார்த்தால், பெண்ணின் அடிப்பக்கத்தில் முட்டையிடும் உறுப்பு நீளவாக்கில் ஒரு கோடாகத் தெரியும். ஆணின் நுனி மழுங்கிய கிண்ணம்போல் முடியும். அந்தக் கிண்ணத்தின் இருபுறமும் தட்டையாக, இலைக்காம்பில் சிறு இலை ஒட்டியது போன்ற உறுப்பு ஒன்று மடிந்து கிடக்கும். அதுதான் பற்றுக்கொக்கி. நேபிஸில் இதன் ஒரு பகுதி வெளியிலேயே தெரிவது நம் அதிர்ஷ்டம்.

முழு வடிவத்தையும் பார்க்க நுனிக் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். உலர்ந்த மாதிரியானால் ஈரப்பெட்டியில் ஓரிரவு வைத்து இளக்குங்கள். சாராயத்தில் இருந்ததானால் அப்படியே எடுக்கலாம். நுண்ணோக்கியின் கீழ் இரண்டு மெல்லிய ஊசிகளால் கிண்ணத்தைப் பிரித்தெடுத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, தசை கரையும் வரை வைக்க வேண்டும். இளஞ்சூடாக்கினால் வேகமாக நடக்கும். கொதிக்க விட்டால் உறுப்பு சிதையும். இது தோலை அரிக்கும் காரம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. பிறகு தண்ணீரில் கழுவி, ஒரு துளி கிளிசரினில் இட்டு, கொக்கியின் அலகு எந்தக் கோணத்தில் வளைகிறது, விளிம்பு எப்படி இருக்கிறது என்று வெளியான வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது உங்கள் மாதிரியும் வரைபடமும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். தட்டையான உறுப்பைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே வேறு சிற்றினமாகத் தெரியும். வேலை முடிந்ததும் கிளிசரினோடு சிறு குப்பியில் அடைத்து, அதே பூச்சியின் ஊசியில் குத்தி வையுங்கள்.

இதெல்லாம் முடியாதவர்கள் ஒரு காலைத் தூய எத்தனாலில் இட்டு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அங்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஒப்பிடும் தரவுத்தளத்தில் இருக்கும் பெயர் தவறாக இட்டதாக இருந்தால், வரும் விடையும் தவறாகவே வரும்.

பாதுகாப்பும் பதிவும்

கொல்ல உறைபெட்டியில் ஓரிரவு போதும். டாம்சலின் உடல் மென்மையானது, ஊசியை நேரே குத்தினால் மார்பு உடையும். முக்கோணமாக வெட்டிய தடித்த காகிதத்தின் முனையைச் சற்றே வளைத்து, ஒரு பொட்டுப் பசை தொட்டு, மார்பின் வலப்பக்கத்தில் ஒட்டுங்கள். ஊசி காகிதத்தில் குத்தப்படும். இடப்பக்கமும் முதுகும் அடிவயிறும் மறையாமல் இருக்கும். இளம்பூச்சிகள் சுருங்கிவிடும், அவற்றை 70 சதவீத எத்தனாலில் வையுங்கள்.

சீட்டு எழுதாத மாதிரி வெறும் தூசி. ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, எந்தச் செடியில், எந்த முறையில் பிடித்தது, பிடித்தவர் யார் என்பவை முதல் சீட்டில் இருக்க வேண்டும். பெயரும், இந்த மாதிரியை இனம் கண்டவரும், கண்ட ஆண்டும் தனிச் சீட்டில். பின்னர் வருபவர் பெயரை மாற்ற நேர்ந்தால் உங்கள் சீட்டை எடுக்காமல் தன் சீட்டைக் கீழே குத்திவிட்டுப் போவார். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.

படம் எடுப்பதானால் மேலிருந்து ஒன்று, ஊசிவாய் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, வயிற்றின் நுனியை அடியிலிருந்து ஒன்று. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தை வைத்து நிபுணர்களாலும் நேபிஸ் என்பதற்கு அப்பால் போக முடிவதில்லை. உயிரினங்களின் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால், உறுதிப்படும் பதிவுகள் ஆஸ்திரேலிய உயிரின வரைபடத் தளத்துக்கும் சென்று சேரும். இப்போது செல்லுபடியாகும் பெயர் எது என்பதை ஆஸ்திரேலிய விலங்கினப் பட்டியலில் சரிபாருங்கள். வழக்கத்துக்கு மாறான ஒன்று கிடைத்தால், குறிப்பாக வடக்கு மழைக்காடுகளிலிருந்து, பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்கோ கான்பெராவில் அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நடத்தும் தேசியப் பூச்சிச் சேகரிப்புக்கோ எழுதிக் கேளுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது படத்தை அல்ல, சீட்டோடு கூடிய ஆண் பூச்சியை.